நிரோஷாவுக்கு எந்தப் போன்

தம்பி,

திங்கட்கிழமை நீ அனுப்பிய இரண்டு போன்களின் படத்தையும் பார்த்தேன். ஒன்று பாவித்த ஐபோன், மற்றது புத்தம் புதிய ஆண்ட்ராய்டு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, நிரோஷாவோட போன்ல அந்த ஆப் ஏற மாட்டேங்குது. எதை வாங்கலாம்? உங்க போனும் பழசாயிருச்சு. உங்களுக்கும் சேர்த்து ரெண்டா வாங்கிடுறேன்." யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. ஒரு போனுக்கு அப்பா இவ்வளவு யோசிக்கிறாரே என்று நீ நினைத்திருப்பாய். உனக்குக் கல்யாணமாகி ஐந்து வாரந்தான் ஆகிறது. இப்போது போனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் வேறு பலதையும் சொல்லாமல் முடிக்க முடியாது. அதையெல்லாம் பேசிச் சொல்லும் வாய் எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில், பல்லேகல ஃபெக்டரி ஸ்டோர்ஸில் என்னுடைய மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. எழுதுவதற்கு நல்ல நேரம்.

பதினைந்து வயதில் உனக்கு அந்த வியாதி வந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாய். ஸ்கூல் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுகியது. ஓலெவல் பரீட்சைப் பயத்தில் பிள்ளை மெலிகிறான் என்று நான்தான் அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனிக் காலம் முழுக்க ஊசிதான் என்று சொன்னபோது அம்மா அழவில்லை. ஒரு தோடம்பழத்தை வைத்து ஊசி போடப் பழகினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் உனக்கு ஊசி போடுகிற ஒவ்வொரு தடவையும், யாரோ எனக்குக் கோல் எடுத்த மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். எதிர்முனையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். "சரி சரி, பார்ப்போம்" என்று நானாகவே பேசிக்கொண்டு நிற்பேன். உனக்கு அது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். "வெளியில யார்கிட்டயும் சொல்லிராத. நாளைக்கு வேலை, கல்யாணம்னு வரும்போது அதுவே ஒரு பேச்சாயிரும்" என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு ஏலெவல் முடியும்வரை ஸ்கூல் கக்கூசுக்குள் நின்றுதான் ஊசி போட்டிருக்கிறாய். அதைக் கல்யாணத்துக்கு வந்திருந்த உன்னுடைய சிநேகிதன் ஒருவன் சிரிப்புக் கதை மாதிரி என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன்.

கொழும்பில் உனக்கு வேலை கிடைத்த வருடந்தான் டாக்டர் அந்தச் சென்சரைப் பற்றிச் சொன்னார். கையில் காசளவு வட்டமாக ஒட்டிக்கொண்டால் போதும், சில நிமிடத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று போனிலே காட்டும், குறைந்தால் சத்தம் போடும், வீட்டில் இருப்பவரும் தன் போனிலே அதே நம்பரைப் பார்க்கலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். நீ வத்தளையில் அறை எடுத்துத் தங்கப்போகிறாய். நான் குண்டசாலையில் இருக்கிறேன். நடுவில் மலையிறங்கிப் போகிற அத்தனை தூரம் இருக்கிறது. நீ அன்றே சொன்னாய்: "அப்பா, அந்த ஆப் எல்லாப் போன்லயும் ஓடாது. ஒரு லிஸ்ட் இருக்கு. முதல்ல அதைப் பார்த்துட்டு வாங்கலாம்." நான் கேட்கவில்லை. போன் வாங்குவது தகப்பனின் வேலை என்று எனக்கொரு நினைப்பு. கண்டி டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குத் தனியாகப் போனேன்.

கடைக்கார மொதலாளி நல்ல மனுசன். முதலில் ஐபோனைத்தான் கேட்டேன். அவர் என்னுடைய சட்டையையும் கையிலிருந்த குடையையும் பார்த்துவிட்டு, "அண்ணன், அந்த ஒரு போன்ட காசுக்கு இதுல மூணு எடுக்கலாம். இதுட ஸ்கிரீனப் பாருங்களே, எவ்வளவு பெரிசா இரிக்கி" என்றார்.

"சீனி பார்க்கிற ஆப் ஒண்ணு இருக்கு. அது இதுல வேலை செய்யுமா மொதலாளி?"

"எல்லா ஆப்பும் வேல செய்யும் அண்ணன். ஆப் ஓடாத போன் இந்தக் காலத்துல எங்க இரிக்கி?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டியவன் நான். உனக்கொன்று எனக்கொன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டு, பெரிய காரியம் முடித்த மாதிரி குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து ஆப்பைத் தேடினாய். இந்தப் போனுக்கு இது பொருந்தாது என்று ஒரே வரியில் வந்தது. நீ என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. "ஆப் புதுசா வரும்போது சரியாயிரும். கொஞ்சம் பொறுத்திரு" என்று உன்மேலேயே எரிந்து விழுந்தேன். சென்சர் பெட்டியோடு அலுமாரியில் கிடந்தது. நீ பழையபடி விரலில் குத்திப் பார்த்துக்கொண்டு கொழும்புக்குப் போனாய்.

அந்தத் தீபாவளிக்கு நீ வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது நடந்ததை நீ எனக்கு முழுதாகச் சொன்னதேயில்லை. மாவனெல்லை தேத்தண்ணிக் கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். பஸ்ஸில் உனக்குச் சீனி இறங்கியிருக்கிறது. வியர்த்து, நாக்குக் குழறி, பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்திருக்கிறாய். கண்டக்டர் நீ குடித்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டான். "பீலா, பீலா" என்று சிங்களத்தில் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி, உன்னைக் கைத்தாங்கலாக இறக்கி, பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். காலை பத்து மணி. ரோட்டோரம் நீ சேற்றில் உட்கார்ந்திருந்தாயாம். அந்தக் கடைக்கார முஸ்லிம் நானாதான் உன் பையில் ஊசி இருப்பதைக் கண்டு விளங்கிக்கொண்டு, சீனியை அள்ளிப் போட்டு ஒரு பிளேன்டீ ஊற்றி, "மகன், வாயத் திறங்க, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று பருக்கியிருக்கிறார். உன் போனிலிருந்து எனக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். நான் வந்து சேர்ந்தபோது நீ கடைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். புதுச் சட்டையெல்லாம் சேறு. என்னைக் கண்டதும், "ஒண்ணுமில்லப்பா, தூங்கிட்டேன்" என்றாய். என் முகத்தில் நீ எதைப் பார்த்தாயோ, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி அந்தப் பொய்யைச் சொன்னாய்.

அடுத்த மாதம் அம்மா தான் கட்டிவந்த சீட்டுக் காசை முன்னுக்கு எடுத்தாள். இந்தத் தடவை உன்னையே கூட்டிக்கொண்டு போனேன். நீ லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து கடை ஏறி இறங்கி, பாவித்த ஐபோன் இரண்டு தெரிந்தெடுத்தாய். நான் காசை மட்டும் எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சென்சரை உன் கையில் ஒட்டி, என் போனிலே எதையோ அமத்தினாய். நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. பக்கத்திலே ஒரு சின்ன அம்பு, நேராக. "இதுதான்பா நான்" என்று சிரித்தாய்.

நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஃபெக்டரிக்குள்ளே போன் கொண்டுபோக முடியாது. மெனேஜரிடம் நின்று கெஞ்சி, ஸ்டோர்ஸில் பெட்டி அடுக்குகிற ராக்கையில் போன் வைக்க ஓர் இடம் வாங்கினேன். பெட்டிகளை எண்ணிக்கொண்டே உன்னைப் பார்ப்பேன். காலை எட்டரைக்கு ஏறும், பாண் சாப்பிட்டிருக்கிறான். ஒரு மணியாகியும் ஏறவில்லை என்றால், சாப்பிடாமல் வேலை செய்கிறான். வியாழக்கிழமை பின்னேரம் சரசரவென்று இறங்கும், கிரிக்கெட் விளையாடுகிறான். இரவு படுக்கப் போகிறபோது நேரான அம்பைக் கண்டால்தான் லைட்டை அணைப்பேன். நீ வீட்டில் இருந்த பதினெட்டு வருடத்தில் உன்னை நான் இவ்வளவு பார்த்ததில்லை, தம்பி. நீ தூரத்தில் இருந்த இந்த ஐந்து வருடந்தான் நீ எப்போதும் என் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது. இதை எழுதும்போதே கை கூசுகிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

அம்மாவிடம் காட்டினால் பார்க்க மாட்டாள். "எனக்கு அந்த நம்பரெல்லாம் வேணாம். புள்ள சாப்பிட்டானான்னு கேளுங்க, அது போதும்" என்பாள். நான் அதைக்கூடக் கேட்டதில்லை. உனக்குக் கோல் எடுத்தால் என் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? "அறுபத்தெட்டு. ஏதாவது சாப்பிடு." இல்லாவிட்டால், "இருநூத்திப் பத்து ஏன்?" நீ "சரிப்பா" என்பாய். நான் வைத்துவிடுவேன். ஐந்து வருடம் நாம் பேசியது இவ்வளவுதான். வேலை எப்படி என்று கேட்டதில்லை. அறையில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் உன் நம்பர் ஏறிக்கொண்டே போனது. மூன்று தடவை கோல் எடுத்தேன். மூன்றாவது தடவை நீ எடுத்ததும், "என்னடா தின்ன?" என்று கத்தினேன். நீ மெதுவாக, "ஐஸ்கிரீம்பா" என்றாய். அன்றுதான் காலிமுகத்திடலில் நிரோஷாவிடம் நீ உன் மனதைச் சொன்ன நாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பர் அதைச் சொல்லவில்லையே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்படி இருந்தும் மடுல்கெல்லவில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, "வாங்க மாமா" என்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

இப்போது கல்யாண நாளுக்கு வருகிறேன். நீ மணவறையில் இருந்தாய். நான் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்று. எழுபத்தி நான்கு. அம்பு கீழே பார்க்கிறது. காலையில் ஊசி போட்டுவிட்டு, ஐயர் தாமதித்ததில் நீ சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டாய். அறுபத்தாறு. எனக்கு மாவனெல்லை ரோடுதான் கண்ணில் வந்தது. சாப்பாட்டுப் பக்கம் ஓடி ஒரு ஜூஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மேளகாரரைத் தள்ளி, கதிரை ஒன்றைத் தட்டிவிட்டு, மண்டபத்து நடுவிலே வந்துவிட்டேன். சனமெல்லாம் என்னைப் பார்க்கிறது. அப்போது கண்டேன். நிரோஷா தலையை நிமிர்த்தாமலே, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எதையோ எடுத்து உன் கைக்குள் வைத்தாள். நீ அதை மாலைக்குப் பின்னால் வாயில் போட்டுக்கொண்டாய். குளுக்கோஸ் வில்லை. ஐயர்கூடக் கவனிக்கவில்லை. நான் ஜூஸோடு நடு மண்டபத்தில் நின்றேன். திரும்பிப் போகவும் வெட்கம். அந்த இடத்திலேயே ஸ்ட்ரோவைக் குத்தி நானே குடித்தேன். வீடியோவில் இருக்கிறது. நீங்கள் இருவரும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததாக அம்மா சொன்னாள். நல்லது.

ஆனால் எனக்கு அது விளங்கவில்லை. நிரோஷாவிடம் ஆப் இல்லை. அவள் உன் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மறுவீட்டு விருந்தன்று அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தபோது கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அவங்களுக்கு இறங்கும்போது காது மடலைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க மாமா. அன்னைக்கு ரெண்டு தடவை கை காதுக்குப் போச்சு. அதான்."

அவள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அது தெரியாதா உங்களுக்கு? பதினஞ்சு வயசுல இருந்தே அப்படித்தானே" என்றாள். ஐந்து வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை உன்னைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நீ காதை இழுப்பாய் என்பது எனக்குத் தெரியவில்லை. நீ வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களிலும் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அடிபட்டுப் படித்தவன், அதனால் இதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். விலையை முதலில் பார்க்காதே. ஆப்காரர்கள் போட்டிருக்கிற லிஸ்ட்டை முதலில் பார், அதுவும் இந்த மாதத்து லிஸ்ட்டை. அதில் இல்லாத போனை யார் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதே. நீ அனுப்பிய அந்த ஆண்ட்ராய்டு இப்போது லிஸ்ட்டில் இருக்கிறது, நேற்று உட்கார்ந்து தேடினேன். ஐபோனும் இருக்கிறது, ஆனால் அது பாவித்தது. பட்டரி எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியாது, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அதையும் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். உன்னோடு சேர்ந்து வாங்கிய என்னுடையதை எடுத்துவிட்டார்களே; நீ உன்னுடையதை மாற்றிவிட்டாய், தப்பினாய். அதற்கு மேல் இன்னொன்று. நிரோஷா எப்போதும் ஆண்ட்ராய்டுதான் பாவித்தவள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் மார்க்ஸ், பாடத்துக்கு எடுத்த படங்கள், மடுல்கெல்ல வீட்டாரோடு பேசுவது எல்லாம் அதிலேதான். உனக்காக அவள் ஏற்கெனவே ஊரையும் ஸ்கூலையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் பழகிய போனையும் மாற்றச் சொல்லாதே. இரண்டும் ஆப் ஓடுகிற போன் என்றால், அவளுக்கு எது லேசோ அதை வாங்கு. வாங்கப் போகும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போ. ஆண்ட்ராய்டையே வாங்கு.

ஆனால் ஒன்றுதான் வாங்கு, தம்பி. எனக்கு வேண்டாம்.

அம்மா இதைக் கேட்டு, "சொல்லிருவீங்க. உங்களால இருக்க முடியுமா?" என்றாள். முடியுமா தெரியாது. முந்தாநாள், புதன்கிழமை, என் போனிலே அந்த ஆப் நின்றுவிட்டது. இந்தப் போனுக்கு இனி இது இல்லை என்று முன்பே அறிவித்திருந்தார்கள், நானும் தெரிந்துதான் இருந்தேன். காலையில் நூற்றிரண்டு என்று இருந்தது. ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், நம்பர் இருந்த இடத்தில் வெறும் கோடு. அன்று முழுவதும் ராக்கையின் பக்கம் போய்ப் போய் வந்தேன். மெனேஜர்கூட, "மகனுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். சுகமாக இருக்கிறான் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு அது தெரியாது என்பது நெஞ்சில் இடித்தது. உன்னை முதல்முதலாக அன்றுதான் கொழும்புக்கு அனுப்பிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

வேலை விட்டு ஃபெக்டரி கேட்டடியில் நின்றுதான் உனக்குக் கோல் எடுத்தேன். நீ எடுத்த உடனே, "எவ்வளவுப்பா?" என்று கேட்டாய். உனக்கும் அவ்வளவு பழகிவிட்டது. "தெரியாது" என்றேன். "அப்ப ஏதும் பிரச்சினையா?" "இல்ல. சும்மாதான் எடுத்தேன்." "சும்மாவா?" என்று கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவரோடு பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "வத்தளையில மழையா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். பிறகு நீயாகவே தொடங்கினாய். சமையலறைக் குழாய் ஒழுகுவது, வீட்டுக்காரர் அதற்குச் சொல்கிற நொண்டிச் சாட்டு, நிரோஷா புது ஸ்கூலில் முதல் நாள் வகுப்பு மாறிப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்காரர் மாதிரி நீ பேசிக் காட்டினாய். நீ இப்படி ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவாய் என்பது எனக்குத் தெரியாது, தம்பி. பின்னால் நிரோஷா சிரிப்பதும் கேட்டது. கண்டிப் பக்கம் போகிற பஸ் இரண்டு என் முன்னால் வந்து நின்று போயின. நான் ஏறவில்லை. ஏறினால் சத்தத்தில் உன் குரல் கேட்காது. கடைசியில், "போன் விஷயம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

மழை விட்டுவிட்டது, மணியும் அடித்துவிட்டார்கள். புதன்கிழமை திரும்பவும் கோல் எடுப்பேன். காரணம் ஒன்றும் இருக்காது.

அப்பா